புழுத் தடுப்பூசி: மூன்று வழிகளில் நான் இளம்புழுப் புரதத்தைத் தேர்ந்தது ஏன்?

அம்மைக்கும் வெறிநாய்க்கடிக்கும் தடுப்பூசி வந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. உடலுக்குள் குடியிருக்கும் புழுக்களுக்கு எதிராக இன்று விலைக்குக் கிடைக்கும் தடுப்பூசிகளையோ ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அத்தனையும் கால்நடைகளுக்கு உரியவை. மனிதருக்கென்று உரிமம் பெற்றது ஒன்றுகூட இல்லை. ஒட்டுண்ணியியல் படிக்க வரும் இளைய மருத்துவர்கள், "புழுத் தடுப்பூசியில் ஆய்வு செய்ய விருப்பம், எந்த வழியில் இறங்கலாம்?" என்று கேட்கிறார்கள். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடியபோது நானும் இதே இடத்தில் நின்றேன். என் முன் மூன்று வழிகள் இருந்தன: கதிர்வீச்சால் வலுவிழந்த உயிருள்ள இளம்புழுக்களைக் கொடுப்பது, வளர்ந்த புழுவின் குடலிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தை ஊசியாகப் போடுவது, நாடாப்புழு முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழுவின் புரதத்தைப் பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோ தயாரித்துப் போடுவது. நான் மூன்றாவதைத் தேர்ந்தேன். இன்று மீண்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் அதையே தேர்வேன்.

புழுத் தடுப்பூசி ஏன் கடினம் என்பது இந்தத் துறைக்கு வருகிற எவருக்கும் தெரிந்ததுதான். புழு பெரிய உயிர். பருவத்துக்குப் பருவம் மேல்தோலை மாற்றுகிறது. உடலின் எதிர்ப்பை மட்டுப்படுத்திக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. அதைவிட முக்கியமான ஒரு கேள்வி பாடநூல்களில் அரைப் பக்கம்கூடப் பெறுவதில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதல் வழிதான் மூத்தது. மாட்டின் நுரையீரல் புழுவுக்கு எதிராக ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கால்நடை மருத்துவப் பள்ளியில் 1950களில் உருவான தடுப்பூசி 1959இல் விற்பனைக்கு வந்தது. எக்ஸ் கதிர் பட்ட இளம்புழுக்கள் ஒரு டோஸுக்கு ஆயிரம். நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ், வாய்வழியாக. கதிர் பட்ட இளம்புழு குடல் சுவரைத் துளைத்துப் பயணத்தைத் தொடங்கும். முழுப் புழுவாக வளர்ந்து முட்டையிடும் நிலையை எட்டாது. அதற்குள் கன்றின் உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளும். எந்தப் புரதம் பாதுகாப்பைத் தருகிறது என்று அறியாமலேயே தடுப்பூசி கிடைத்துவிட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பிரிட்டனில் அது புழக்கத்தில் இருக்கிறது. காஷ்மீரில் செம்மறிகளின் நுரையீரல் புழுவுக்கும் இதே முறையில் நம் நாட்டு ஆய்வாளர்கள் தடுப்பு மருந்து உருவாக்கினார்கள்.

இந்த வழியின் வரம்பைக் காட்டியது நாய்க் கொக்கிப்புழு. கிளாஸ்கோவில் தாமஸ் மில்லர் உருவாக்கிய கதிர்வீச்சுத் தடுப்பூசி 1973இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, 1975இல் சந்தையைவிட்டே போய்விட்டது. மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தடுப்பூசி பெற்ற நாய்கள் நோயில் விழாமல் காப்பாற்றப்பட்டன. ஆனால் ஓரிரு புழுக்கள் தங்கியதால் மலத்தில் முட்டை தெரிந்தது. நாய் வளர்த்தவர்களும் மருத்துவர்களும் முட்டையைக் கண்டதும் தடுப்பூசி தோற்றுவிட்டது என்று முடிவு கட்டினார்கள். அத்துடன் உயிருள்ள இளம்புழுக்கள் என்பதால் குப்பியை நெடுநாள் வைத்திருக்க முடியவில்லை, விலையும் கூடுதல். நல்ல அறிவியல் இரண்டே ஆண்டுகளில் கடைத்தட்டிலிருந்து இறங்கியதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

கதிர்வீச்சுக் கருவியில் நான் கைவைத்ததில்லை. இளம்புழு வளர்ப்பது எத்தனை பாடு என்பது தெரியும். முதுகலைப் படிப்பில் செம்மறியின் நான்காம் இரைப்பையில் இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழுவை ஆய்வுக்காக வளர்த்தோம். வேறு புழு எதுவும் இல்லாத குட்டியைத் தனிக் கொட்டிலில் கட்டி, ஐயாயிரம் இளம்புழுக்களை வாய்வழியே கொடுத்து, மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். பிறகு சாணப் புழுக்கையை நாள்தோறும் சேகரித்து, உதிர்த்து, ஈரம் குறையாமல் ஒரு வாரம் வைத்து, வெதுவெதுப்பான நீரில் தொங்கவிட்டால் இளம்புழுக்கள் கீழே இறங்கும். அவற்றை ஃப்ரிட்ஜில் சேமிக்கலாம், ஆனால் அவை மெல்ல மெல்ல வலுவிழந்துகொண்டே இருக்கும். குட்டிக்கு இரத்தச்சோகை முற்றினால் மாற்றுக் குட்டி வேண்டும். ஓர் ஆய்வகத்துக்கே இப்படியென்றால், ஒரு மாநிலத்துக்குத் தேவையான அளவை ஆண்டுதோறும் தயாரிக்கும் தொழிற்கூடத்தை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. இயற்கையில் ஒருமுறை தொற்றினாலே மாடு நுரையீரல் புழுவுக்கு வலுவான எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளும். அந்த இயல்பைத்தான் கதிர்வீச்சுத் தடுப்பூசி பயன்படுத்திக்கொள்கிறது. ஹீமாங்கஸில் இதே முறையைச் சோதித்தபோது வளர்ந்த ஆடுகளில் பலன் கிடைத்தது. சாவு அதிகமாக இருக்கும் இளங்குட்டிகளிடம் கிடைக்கவில்லை. பாதுகாப்பு யாருக்குத் தேவையோ அவர்களுக்கு எட்டாத மருந்து அது.

இரண்டாவது வழிக்கு வருவோம். இதில் நான் ஆசையோடு வேலை செய்தேன். இதை விட்டுவிட்டுப் போனதால் இது தாழ்ந்தது என்று பொருளில்லை.

ஹீமாங்கஸ் ஆட்டின் இரத்தத்தைக் குடித்து வாழ்கிறது. ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது 0.05 மில்லிலிட்டர் அளவுதான். ஆயிரம் புழு இருந்தால் நாளுக்கு 50 மில்லிலிட்டர் போகும். கண்ணிமையின் உட்பகுதி வெளுக்கும், தாடைக்கடியில் நீர் கோக்கும், ஒரு மழைக்குப் பின் குட்டிகள் மடமடவென்று விழும். பெண் புழு நாளுக்கு ஐயாயிரம் முதல் பத்தாயிரம் முட்டை வரை இடும். புழு மருந்துகள் ஒவ்வொன்றாகப் பலனிழந்து வருகின்றன. பென்சிமிடசோல் வகை மருந்துக்குக் கட்டுப்படாத ஹீமாங்கஸ் தமிழ்நாட்டுப் பண்ணைகளிலும் பதிவாகியிருக்கிறது.

எடின்பரோவின் மோர்டன் ஆய்வு நிறுவனத்தில் டேவிட் ஸ்மித்தும் அவருடைய குழுவும் கண்ட தீர்வு அழகானது. புழுவின் குடல் சுவரில் இரத்தத்தைச் செரிக்கும் புரதங்கள் இருக்கின்றன. அவை ஆட்டின் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் ஒருபோதும் படுவதில்லை. புழுவின் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து ஆட்டுக்கு ஊசியாகப் போட்டால் ஆட்டின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகும். புழு இரத்தம் குடிக்கும்போது அந்த எதிர்ப்பொருளையும் சேர்த்துக் குடிக்கிறது. எதிர்ப்பொருள் குடல் சுவரில் படிந்து செரிமானத்தைத் தடுக்க, புழு பட்டினியில் வலுவிழந்து வெளியேறுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வேளாண் துறையுடன் இணைந்து, அல்பனி நகரில் தயாராகி, 2014 அக்டோபரில் 'பார்பர்வாக்ஸ்' என்ற பெயரில் இது சந்தைக்கு வந்தது. ஒரு டோஸில் இருக்கும் புழுப் புரதம் வெறும் 5 மைக்ரோகிராம். ஒரு கிராமில் இரண்டு இலட்சம் டோஸ் தயாரிக்கலாம். முட்டை எண்ணிக்கை 75 முதல் 95 விழுக்காடு வரை குறைகிறது. மேய்ச்சல் நிலத்தில் விழும் முட்டை குறைவதால் மந்தை முழுவதற்கும் நன்மை.

ஆனால் இந்தப் புரதத்தை இன்னும் புழுவிடமிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. புழு ஏற்றிய ஆடுகளை வெட்டி, இரைப்பையைக் கழுவி, புழுக்களைச் சேகரித்துத்தான் தடுப்பூசி தயாராகிறது. முக்கியப் புரதமான எச்11இன் மரபணுவைப் பாக்டீரியாவிலும் பூச்சி உயிரணுவிலும் வைத்துத் தயாரித்துப் பார்த்தார்கள். புரதம் வந்தது, எதிர்ப்பொருளும் வந்தது, பாதுகாப்பு மட்டும் வரவில்லை. புரதத்தின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைத் தொடர்தான் காரணமோ என்று எண்ணி, ஹீமாங்கஸின் உறவினமான சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவிலேயே தயாரித்தார்கள். அப்போதும் கிடைக்கவில்லை. திறமையான ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் முட்டிப்பார்த்த கதவு இது. முனைவர் பட்ட மாணவர் ஒருவர் மூன்று நான்கு ஆண்டுகளில் இதைத் திறந்துவிடுவார் என்று நம்பி உங்களை அனுப்பி வைக்க எனக்கு மனம் வராது.

அதைவிடப் பெரிய தடையை எனக்குப் புரியவைத்தவர், செம்மறிக் கிடையை ஓட்டிச் செல்லும் ஒரு கீதாரி. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துச் செம்மறிக் கிடைகள் அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காக அமர்ந்து, ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருக்கும். மாதிரிக்குப் புழுக்கை சேகரிக்கப் போன இடத்தில், ஆஸ்திரேலியத் தடுப்பூசி பற்றி அவரிடம் ஆர்வத்தோடு விளக்கினேன். முதலில் மூன்று ஊசி, மூன்று நான்கு வார இடைவெளியில்; மூன்றாவது ஊசிக்குப் பிறகுதான் பாதுகாப்பு; அதன் பின் புழுக்காலம் முடியும்வரை ஆறு வாரத்துக்கு ஒருமுறை பூஸ்டர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆறு வாரம் கழித்து நாங்கள் எந்த ஊரில் கிடை போட்டிருப்போம் என்று எங்களுக்கே தெரியாது, டாக்டர். ஊசி எங்களைத் தேடி வருமா?" என்றார்.

ஏன் ஆறு வாரம்? காரணம் அந்தத் தடுப்பூசியின் அழகிலேயே இருக்கிறது. குடல் புரதம் ஆட்டின் கண்ணில் படாதது என்றேன் அல்லவா? தடுப்பூசி போட்ட பிறகும் அது கண்ணில் படுவதில்லை. புல்லோடு ஆயிரம் இளம்புழு உள்ளே போனாலும் ஆட்டின் நினைவைப் புதுப்பிக்க அந்தப் புரதம் வெளியே வராது. எதிர்ப்பொருள் நாளுக்கு நாள் வடிந்துகொண்டே போகும். ஊசி ஒன்றுதான் அதை மீண்டும் உயர்த்தும். வேலியிட்ட மேய்ச்சல் நிலமும், ஆடுகளை ஒரே நாளில் மடக்கி வரிசையில் விடும் அமைப்பும் உள்ள ஆஸ்திரேலியப் பண்ணைக்கு அது கடினமான வேலையில்லை. முதல் ஆண்டுக் குட்டிக்கு ஐந்து ஊசி என்றாலும் கணக்கு கட்டுப்படியாகும். நம் கிடைக்கு அது நடவாத காரியம்.

ஆகவே நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது இந்தக் கேள்வியைத்தான்: பாதுகாப்பு நீடிக்க, அதே விலங்கை எத்தனை முறை மீண்டும் பிடித்து ஊசி போட வேண்டும்? ஆய்வகத்தில் 95 விழுக்காடு என்று வந்த தடுப்பூசி, ஐந்தாவது ஊசிக்கு ஆள் வராத ஊரில் என்ன விழுக்காடு தரும்? எதிர்ப்பொருள் உச்சத்தைத் தொடும் நாளை ஆய்வுக் கட்டுரைகள் விரிவாகக் காட்டுகின்றன. அது எந்த வேகத்தில் இறங்குகிறது என்பதற்கு அவற்றில் கடைசிப் பத்தியில்தான் இடம். தலைப்புத் தேடும் மாணவர்கள் அந்தக் கடைசிப் பத்தியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

இந்தக் கண்ணோடு பார்த்தபோதுதான் மூன்றாவது வழி எனக்கு வெளிச்சமாகத் தெரிந்தது.

நாடாப்புழுக்களின் முட்டைக்குள் ஆறு கொக்கிகள் கொண்ட நுண்ணிய இளம்புழு இருக்கிறது. பன்றியோ செம்மறியோ முட்டையை விழுங்கினால், அந்த இளம்புழு குடலில் வெளிப்பட்டு, சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு போய் ஈரலிலோ தசையிலோ தங்கி நீர்க்கட்டியாகிறது. கட்டியாகி உறை போட்டுக்கொண்ட பின் அதை எதிர்ப்பு மண்டலத்தால் எளிதில் அசைக்க முடியாது. துளைத்து நுழையும் அந்த முதல் சில நாட்கள் மட்டும் இளம்புழு பாதுகாப்பற்று நிற்கிறது. எதிர்ப்பொருள் அப்போது இரத்தத்தில் தயாராக இருந்தால், இரத்தத்தில் அந்நிய உயிரைத் தாக்கும் நிறைவுப் புரதங்களோடு சேர்ந்து அதைக் கொன்றுவிடும். இரத்தம் குடிக்கும் புழுவிடம் இந்த வாய்ப்பு கிடையாது.

இதை முதலில் நிறுவியது செம்மறியின் தசையில் கட்டி உண்டாக்கும் டீனியா ஓவிஸ் என்ற நாடாப்புழு. அதன் இளம்புழுப் புரதத்தின் மரபணுவைப் பாக்டீரியாவில் வைத்துத் தயாரித்த தடுப்பூசி செம்மறிகளைக் காத்தது என்று ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வாளர்கள் 1989இல் அறிவித்தார்கள். ஒட்டுண்ணிக்கு எதிராக மரபணுத் தொழில்நுட்பத்தில் உருவாகி வெற்றி பெற்ற முதல் தடுப்பூசி அதுதான். எச்11இல் கடைசிவரை மூடியே இருந்த கதவு இங்கே திறந்தது. உரிமம் கிடைத்தும் அது கடைக்கு வரவில்லை. அந்தப் புழுவால் மனிதருக்குக் கேடில்லை, இறைச்சி ஏற்றுமதிக்கு மட்டுமே தொல்லை. ஆனால் அது காட்டிய பாதையில் இரண்டு தடுப்பூசிகள் வந்தன. நியூசிலாந்தின் டேவிட் ஹீத்தும் மெல்போர்னின் மார்ஷல் லைட்டவுலர்ஸும் நாயின் நாடாப்புழுவால் ஆட்டிலும் மனிதரிலும் உண்டாகும் ஹைடடிட் என்ற நீர்க்கட்டிக்கு எதிராக உருவாக்கிய ஈஜி95, 1996இல் வெளியானது. லைட்டவுலர்ஸ் குழுவே பன்றி நாடாப்புழுவுக்கு எதிராக டிஎஸ்ஓஎல்18ஐ உருவாக்கியது. ஈஸ்ட்டில் தயாராகும் அந்த டிஎஸ்ஓஎல்18 'சிஸ்வாக்ஸ்' என்ற பெயரில் நம் ஹைதராபாத்தில், இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் தொழிற்கூடத்தில் உற்பத்தியாகிறது. இதை மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பன்றி நாடாப்புழு நமக்கு எட்டத்து நோயில்லை. அதன் முட்டை மனித வயிற்றுக்குள் போனால் மூளையில் கட்டியாகி வலிப்பை உண்டாக்கும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் அந்த வட்டாரத்தில் நடத்திய ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தக் கட்டிதான் காரணம் என்று தெரிந்தது. பன்றி இறைச்சியையே தொடாதவர்களுக்கும் வருகிறது. நாடாப்புழு உள்ள ஒருவரின் மலத்திலிருந்து முட்டை கைக்கும் தண்ணீருக்கும் காய்கறிக்கும் போய்ச் சேர்ந்தால் போதும்.

களத்தில் இது எப்படி நடந்தது? கேமரூனின் வடக்குக் கோடியில் வீட்டு வளர்ப்புப் பன்றிக் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்குத் தடுப்பூசியும் ஆக்ஸ்ஃபெண்டசோல் என்ற புழு மருந்தும் கொடுத்தார்கள். மற்றதை அப்படியே விட்டார்கள். 2010இல் வெளியான முடிவு: தடுப்பூசி பெற்றவற்றில் கட்டியே இல்லை, பெறாதவற்றில் ஐந்தில் ஒன்று அளவுக்குக் கட்டி இருந்தது. வடக்குப் பெருவின் தும்பெஸ் பகுதியில் மனிதருக்கும் பன்றிக்கும் மருந்தும், கடைசிக் கட்டத்தில் பன்றிக்குத் தடுப்பூசியும் கொடுத்து, 107 ஊர்களில் 105இல் பரவலை நிறுத்தினார்கள்.

ஊசிக் கணக்கைப் பாருங்கள். பன்றிக்கு மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி அடிப்படை. இறைச்சிப் பன்றி ஓராண்டை ஒட்டி வெட்டுக்குப் போய்விடும், ஆதலால் நினைவு மங்கும் முன்பே அதன் வாழ்நாள் முடிந்துவிடுகிறது. நேபாளத்தின் பாங்கே மாவட்டத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குள் போய் ஊசி போட்டார்கள். அதுவும் அடிக்கடிதானே என்று கேட்கலாம். ஆனால் அந்த இடைவெளியைத் தீர்மானிப்பது புதிதாகப் பிறக்கும் குட்டிகள். ஏற்கெனவே ஊசி போட்ட பன்றியின் பாதுகாப்பு வடிந்துபோனதால் திரும்பிப் போகிற நிலை அங்கே இல்லை. ஒரு சுற்றில் சில குட்டிகள் கைக்குச் சிக்காமல் ஓடினாலும் அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளலாம். குடல் புரத ஊசியில் ஒரு சுற்று தவறினால் மந்தை முழுவதும் ஒரே நேரத்தில் பாதுகாப்பை இழக்கும்.

என் தேர்வு ஹைடடிட் பக்கம் சாய்ந்தது. பன்றி வளர்ப்பு நடக்கும் ஊர்களில் எனக்கு நேரடிப் பழக்கம் குறைவு. பன்றித் தடுப்பூசி பற்றி நான் சொல்வதில் பாதி படித்தும், களத்துக்குப் போனவர்களிடம் கேட்டும் அறிந்தது. செம்மறியும் வெள்ளாடும் என் கைக்குப் பழகியவை. ஹைடடிட் நாயின் குடலில் வாழும் சில மில்லிமீட்டர் நீள நாடாப்புழுவிடமிருந்து வருகிறது. வெட்டுமிடத்தில் வீசியெறியும் ஈரலையும் நுரையீரலையும் தின்று நாய் புழுவைப் பெறும்; நாயின் மலத்தில் வரும் முட்டையை மேய்ச்சலில் ஆடு விழுங்கும்; அதே முட்டை மனிதரின் ஈரலில் ஆண்டுக்கணக்கில் வளரும் நீர்க்கட்டியாகி அறுவை சிகிச்சைவரை கொண்டுபோய்விடும். நாய்க்குப் பிராசிகுவான்டெல் மாத்திரை கொடுத்துச் சங்கிலியை அறுக்கலாம். புழு நாயின் உடலில் ஆறு ஏழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடுவதால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். இங்கேயும் அதே ஆறு வாரம்! நியூசிலாந்து போன்ற நாடுகள் கட்டுப்பாட்டுடன் நாய்களுக்கு மருந்து கொடுத்து வென்றன. உரிமையாளர் இல்லாத தெருநாய்கள் நிறைந்த நம் ஊர்களில் யாருடைய நாய்க்கு யார் கொடுப்பது?

ஈஜி95 செம்மறிக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. கட்டுப்பாடான சோதனைகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் பாதுகாப்பு. அர்ஜென்டினாவின் ரியோ நெக்ரோ மாகாணத்தில் குட்டிக்கு முப்பதாம் நாளும் அறுபதாம் நாளும் ஊசி, ஒன்று ஒன்றரை வயதில் ஒரு பூஸ்டர் என்று ஆண்டுக்கணக்கில் போட்டு வந்தார்கள். அகன்ற நிலத்தில் சிதறி வாழும் வளர்ப்போரிடம் எல்லாக் குட்டியும் கைக்குக் கிடைக்கவில்லை. ஆய்வக விழுக்காடு அப்படியே வரவுமில்லை. இருந்தும் வளர்ந்த செம்மறிகளில் கட்டி கணிசமாகக் குறைந்தது. சில ஊசி தவறிய நிலையிலும் பலன் தரும் தடுப்பூசிதான் நமக்கு வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை பூஸ்டர் என்றால் அதற்கான கட்டமைப்பு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. மழைக்கு முன் துள்ளுமாரி நோய்க்கு ஊசி போடுகிறோம். ஆட்டுக்கொல்லி நோய்க்கு முகாம் நடத்துகிறோம். கீதாரிகளும் அந்த முகாமுக்கு ஆடுகளை ஓட்டி வருகிறார்கள், ஏனென்றால் அந்த நோய்கள் மந்தையை ஒரே வாரத்தில் காலி செய்வதைக் கண்ணால் கண்டவர்கள். அதே நாளில், அதே கையில் இன்னொரு ஊசி போட்டுவிடலாம். ஆறு வார அட்டவணைக்கு இப்படி ஒட்டிக்கொள்ள எந்த முகாமும் கிடையாது.

என் தேர்வின் குறைகளையும் சொல்ல வேண்டும், அவை சிறியவை அல்ல. முதலாவது, இந்தத் தடுப்பூசி நுழையும் புழுவைத்தான் கொல்லும். ஏற்கெனவே இருக்கும் கட்டியைத் தொடாது. அதனால்தான் பன்றிக்கு ஆக்ஸ்ஃபெண்டசோலையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அந்த மருந்து கொடுத்த பன்றியைச் சில வாரம் வெட்டக் கூடாது. ஹைடடிட் கட்டி உள்ள வயதான ஆட்டுக்கு அப்படியொரு துணை மருந்து நடைமுறையில் இல்லை. ஆகவே தடுப்பூசியின் பலன் ஊருக்குத் தெரிய, பழைய ஆடுகள் மந்தையை விட்டுப் போகும்வரை பல ஆண்டுகள் ஆகும்.

இரண்டாவது இன்னும் கடுமையானது: பணம் யார் கொடுப்பது? ஹீமாங்கஸ் ஊசி போட்ட விவசாயி தன் குட்டி பிழைத்ததைப் பார்க்கிறார். கையிலிருந்து காசு தர அவருக்குக் காரணம் இருக்கிறது. கட்டி உள்ள பன்றியோ செம்மறியோ நன்றாகத்தான் மேய்கிறது. பலன் பெறுபவர் வேறெங்கோ இருக்கும் ஒருவர், வலிப்போ ஈரல் கட்டியோ வராமல் தப்பித்தவர். தப்பித்தோம் என்பதே அவருக்குத் தெரியாது. எனவே இது அரசின் செலவில் நடக்க வேண்டிய ஊசி. பணம் நின்றால் ஊசியும் நிற்கும். இந்த ஒரு கேள்வியில் குடல் புரதத் தடுப்பூசிதான் உறுதியாக முன்னால் நிற்கிறது. அதை மறுப்பது நேர்மையாகாது.

மூன்றாவது மனிதருக்கான தடுப்பூசியைப் பற்றியது. இளம்புழுப் புரதம் என்ற வழி கொக்கிப்புழுவில் ஒருமுறை ஆபத்தைக் காட்டியது. என்ஏ-ஏஎஸ்பி-2 என்ற இளம்புழுப் புரதத்தைப் பிரேசிலில் கொக்கிப்புழு பரவிய பகுதியில் வாழ்ந்தவர்களுக்குப் போட்டபோது சிலருக்கு உடல் முழுவதும் தடித்துவிட்டது. முந்தைய தொற்றால் அவர்கள் இரத்தத்தில் அதே புரதத்துக்கு ஒவ்வாமை எதிர்ப்பொருள் இருந்திருக்கிறது, சோதனையை நிறுத்தினார்கள். சாபின் தடுப்பூசி நிறுவனத்தில் பீட்டர் ஹோட்டெஸ் முன்னெடுத்த அந்த முயற்சி, பிறகு வளர்ந்த புழுவின் குடலில் இரத்தச் செரிமானத்தோடு தொடர்புடைய என்ஏ-ஜிஎஸ்டி-1, என்ஏ-ஏபிஆர்-1 புரதங்களுக்குத் திரும்பியது. ஹீமாங்கஸில் கண்ட அதே தத்துவம். எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாத புரதத்துக்கு முன்கூட்டிய ஒவ்வாமை இருக்க வாய்ப்பு குறைவு. ஆட்டில் எனக்குக் குறையாகப் பட்டது மனிதரிடம் நிறையாகிறது. கொக்கிப்புழுவில் இறங்க விரும்புகிறவர்களை நான் குடல் புரதத்தின் பக்கமே அனுப்புவேன், பூஸ்டர் கேள்வியை மறக்காதீர்கள் என்ற ஒரு வேண்டுகோளோடு.

நுரையீரல் புழு உள்ள குளிர்ப் பகுதியில், கதிர்வீச்சு வசதியும் கொட்டில் வசதியும் அருகே இருந்தால் முதல் வழியும் செல்லும். அதற்கொரு சிறப்பு உண்டு: இரண்டு டோஸுக்குப் பிறகு மேய்ச்சலில் கிடைக்கும் தொற்றே நினைவைப் புதுப்பித்துக்கொள்ளும். என் அளவுகோலில் அது உயர்ந்த மதிப்பெண் பெறுகிறது. உயிருள்ள இளம்புழுவை வாடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் பாடுதான் அதை நம் வெயிலில் வீழ்த்துகிறது.

ஈஜி95 போன்ற புரதத்தைத் துள்ளுமாரித் தடுப்பூசியோடு ஒரே குப்பியில் சேர்த்தால் இரண்டின் எதிர்ப்பொருளும் குறையாமல் வருகிறதா, ஓராண்டு முடிவில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே இப்போது என் வேலை. துள்ளுமாரிக்காக ஆட்டை ஓட்டி வருகிறவர் தன் மந்தைக்காகத்தான் வருகிறார். அந்த ஒரே ஊசியில் ஹைடடிட் தடுப்பும் போய்விட்டால், அவரிடம் தனியாகப் பணமும் கேட்க வேண்டாம், தனியாக ஒரு நாளும் கேட்க வேண்டாம். இதில் சேர விரும்பும் மாணவர்கள் புரதம் தயாரிக்கும் நுட்பத்தோடு, பன்னிரண்டாம் மாதத்து இரத்த மாதிரிக்காக நகரும் கிடையைத் தேடிப் போகவும் ஆயத்தமாக வரட்டும்.